குளிர்காலத்தில் அது எங்கே போகிறது?

ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சாப்பாடு ரயில் கிளம்புவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. உன் தோள்வலி எப்படி இருக்கிறது? பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பொழுதெல்லாம் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்காதே. அத்தானுக்கு என் வணக்கம். அவர் தன் படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டியதுதான் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஏரி நடுவில் பச்சைப் பாய் விரித்தது போல ஆகாயத்தாமரை கிடந்ததே, அதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் "சனியன்" என்றீர்கள். எனக்கோ ஆச்சரியம். எங்கள் ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. அந்தச் செடி எதுவரை வாழ முடியும் என்று அதில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். உங்கள் ஏரி அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், குளிர்ப் பக்கம் இருக்கிறது. அது வெயிலில் கொழுக்கும் செடி. கோடையில் யாரோ வீட்டுத் தொட்டியில் வளர்த்ததைக் கொண்டுவந்து கொட்டினால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும், சரி. ஆனால் உங்கள் ஊர் உறைபனிக்கு அது செத்துப்போக வேண்டும். அத்தான் கணக்குப்படி அது தொடர்ந்து நான்காவது கோடையாக வருகிறது. ஒவ்வொரு வருஷமும் யாராவது வேலை மெனக்கெட்டு வந்து கொட்டிவிட்டுப் போகிறார்களா? இல்லை, குளிர்காலத்தை எங்கேயோ ஒளிந்திருந்து கழிக்கிறதா?

அந்தத் தண்ணீரில் தினமும் இறங்குகிறவள் நீ. கண்ணில் படுவதையெல்லாம் எழுது. போன் வேண்டாம். போனில் இரண்டாவது நிமிஷமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ நல்ல பிள்ளை.

தபால்காரரை வழிமறித்துக் காத்திருக்கும்,
தம்பி


செப்டம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். தோள்வலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை உன் சட்டைக்குள் இன்னும் இரண்டு பேர் நுழையலாம் போலத் தொங்கியது.

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். உன் செடி நீந்தாது, பாய்மரம் விரிக்கும். காலையில் காற்று ஏரியிலிருந்து மலைப்பக்கம் வீசும்போது மொத்தப் பாயும் அக்கரைக்குப் போய்விடுகிறது. நாங்கள் சந்தோஷமாக வகுப்பை ஆரம்பிப்போம். மத்தியானம் காற்று திரும்பியதும், அழைக்காத விருந்தாளி மாதிரி நம் படித்துறைக்கே வந்து நிற்கும். இலை நிமிர்ந்து நிற்பதால் காற்றை நன்றாகப் பிடிக்கிறது என்று நினைக்கிறேன். சரிதானா?

அடியிலும் போய்ப் பார்த்தேன். ஈரத் தலைமுடி மாதிரி வேர்கள் தொங்குகின்றன. வெளிச்சமே இல்லை, ஒரு மீன்கூட இல்லை. அது தமாஷான இடமில்லை தம்பி. என் மாணவி ஒருத்தி, 'தவளை' என்று எல்லோரும் கூப்பிடுவோமே, அந்தப் பெண், பந்து மிதந்து போனது என்று அந்தப் பாய்க்கு அடியில் போய்விட்டாள். வேர் காலில் சுற்றிக்கொண்டது. மேலே வர ஓட்டை தெரியவில்லை. நான் போய் இழுத்துக்கொண்டு வந்தேன். தண்ணீரில் இருந்தவரை எனக்கு ஒன்றும் இல்லை, கரையேறிய பிறகுதான் கைகால் உதறியது. இப்போது கயிறு கட்டி, அதற்குள்தான் வகுப்பு.

நடமாடும் செய்தித்தாளாகிவிட்ட,
அக்கா

கீரை டாக்டருக்கு: உன் அக்கா முழுத்தாளையும் நிரப்பிவிட்டு எனக்கு ஓரத்தைக் கொடுத்திருக்கிறாள். நேற்று என் படகின் விசிறியில் உன் கீரை சுற்றிக்கொண்டு நட்டநடு ஏரியில் நின்றுபோனேன். பயணிகள் என்னைத் திட்டினார்கள். நான் உன்னைத் திட்டினேன். நம் வீட்டில் படித்தவன் நீ ஒருவன்தானே! – அத்தான்


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். தவளை தப்பித்த பத்தியை இரண்டு தடவை படித்தேன். கயிற்றை அவிழ்த்துவிடாதே.

பாய்மரம் என்று எழுதினாயே, அந்த வரியை என் மேலாளருக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அக்காவை வேலைக்குச் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டார். என் வேலைக்கே உலை வைத்துவிடுவாய் போலிருக்கிறது.

இங்கே கண்ணாடித் தொட்டிகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு குளிரை உண்டாக்கி, செடியைப் போட்டு வேடிக்கை பார்க்கிறோம். வெதுவெதுப்பான தொட்டியில் அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. பத்து டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் சாகவும் இல்லை, வளரவும் இல்லை. ஆபீஸில் கொடுத்த மனு மாதிரி அப்படியே கிடக்கிறது. உறைபனி பட்டால் இலை கருகிவிடும். ஆனால் இலை போனால் உயிர் போனது என்று அர்த்தமில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே குருத்து இருக்கிறது. தண்ணீரே பனிக்கட்டியாகும் அளவுக்குக் குளிர்ந்து, அப்படியே சில நாள் நின்றால்தான் குருத்து அழுகும். வருஷம் முழுவதும் சராசரிக் குளிர் என்ன என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு கொடிய வாரம் வந்ததா இல்லையா, அதுதான் விஷயம்.

ஆகவே உனக்கு வேலை. முதல் உறைபனி விழுந்ததும் கருகின செடி ஒன்றை எடுத்துக் குருத்தை நெடுக்காக வெட்டிப் பார். எல்லாம் செத்த பிறகு ஏரியில் எங்கேயாவது பச்சை மிச்சம் இருக்கிறதா என்றும் பார்.

அத்தானுக்கு: என்னைத் திட்டியது இங்கே கேட்டது. படகின் சத்தத்தைவிட உங்கள் சத்தம் தூரம் போகும்.

கைகளைக் குளிரில் வைத்துக்கொண்டு எழுதும்,
தம்பி


நவம்பர் 21

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை சேர்ந்துபோயிற்று. நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? குளிருக்குக் காதை மூடு.

இந்த மாத ஆரம்பத்தில் உறைபனி விழுந்தது. காலையில் படித்துறைக்குப் போனால் நேற்றுவரை பச்சையாக இருந்த பாய், வேகவைத்த கீரை நிறத்துக்கு மாறியிருந்தது. இரண்டு நாளில் கறுத்து நாறியது. நீ சொன்னபடி ஒன்றை எடுத்து வெட்டினேன். இலை, காம்பு எல்லாம் கூழ். ஆனால் நடுவில் குருத்து, என் சுண்டுவிரல் நுனி அளவு, வெள்ளரிக்காயை வெட்டின மாதிரி வெளிர் பச்சையாக இருந்தது! ஒரு வாரம் கழித்து மறுபடி வெட்டினேன், அதுவும் பழுப்பாகிவிட்டது. இதற்குள் ஏரியின் ஓரமெல்லாம் மெல்லிய பனித்தகடு. நீச்சல் வகுப்பை நிறுத்திவிட்டோம்.

அத்தான் நலம். வேலையாக இருக்கிறார்.

அன்புடன்,
அக்கா


டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்கவேண்டும் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் செடியை விட்டு நகரப்போவதில்லை.

ஒரு வாரம் பச்சை, மறு வாரம் பழுப்பு! எங்கள் தொட்டிகளில் நடந்தது அப்படியே உன் ஏரியில் நடந்திருக்கிறது. அப்படியானால் திறந்த தண்ணீரில் அது பிழைக்க வழியில்லை. ஆனாலும் கோடையில் வந்து நிற்கப்போகிறது. சேற்றில் விதை இருக்கலாம். பல வருஷம் உறங்கிவிட்டு முளைக்கக்கூடிய விதை. ஆனால் விதையிலிருந்து முளைத்தால் ஜூன் கடைசியில்தான் சின்னச் செடியாகவே ஆகும். அத்தானோ மே மாதமே பெரிய பாய்கள் மிதந்து வரும் என்றார். எங்கேயோ முழுச்செடி உயிரோடு இருக்கிறது அக்கா. எங்கே? ஊற்று ஏதாவது இருக்கிறதா? ஓடை வந்து சேருமிடம்? நீ பச்சை மிச்சத்தைத் தேடினாயா இல்லையா என்று எழுதவே இல்லை.

வேரையும் கவனித்தாயா? உயிருள்ள செடியில் புதுவேரின் நிறம் என்ன என்று தெரிந்தால் எனக்கு உதவும்.

அது சரி, ஓரத்தில் அத்தான் ஒன்றும் எழுதவில்லையே? என் மேல் கோபமா? அவருடைய நக்கல் இல்லாத கடிதம் உப்பில்லாத பண்டம் மாதிரி இருக்கிறது.

பதில் வரும்வரை தூங்காத,
தம்பி


ஜனவரி 5

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். புது வருஷம் உனக்கு நல்லபடியாக அமையட்டும்.

ஓடை உறைந்து கிடக்கிறது. ஊற்று இருப்பதாகத் தெரியவில்லை. வெளியூரிலிருந்து வரும் தோணிகளின் அடியில் ஒட்டிக்கொண்டு வரலாம் இல்லையா? பறவைகள் காலில் விதை வரலாம் என்று எங்கோ படித்த ஞாபகம். அதையும் யோசி.

வேரைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய வேர் கறுப்பு. புதுவேர் வெளிர் ஊதா, நுனியில் இன்னும் கொஞ்சம் வெளுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் இறகு மாதிரி இருக்கிறது. கோடையில் நெருக்கமாக வளரும்போது காம்பு ஒல்லியாக நெட்டுக்குத்தாக இருக்குமே, அது இப்போது குட்டையாக, உருண்டையாக, அமுக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறது. மொட்டு, இலையின் உறைக்குள்ளிருந்து தலையைத் தலையை நீட்டுகிறது. இதற்கெல்லாம் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை.

அத்தான் நலம்.

அக்கா


ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்பது வழக்கம். இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

காரணம் கேட்டாய், சொல்கிறேன். பக்கத்தில் நெருக்கடி இல்லாமல் திறந்த தண்ணீரில் மிதக்கும் இளஞ்செடிக்குத்தான் காம்பு உருண்டு திரளும், அதற்குள் காற்று நிறைந்திருக்கும். அது வெற்றிடத்தைப் பிடிக்கப் புறப்படுகிற கோலம். மொட்டு வர வேண்டுமானால் தண்ணீர் இருபது டிகிரிக்கு மேல் இருக்கவேண்டும். ஓடை உறைந்து கிடக்கிறது என்று எழுதிய அதே கடிதத்தில் மொட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். "இப்போது" என்ற வார்த்தையை நீதான் போட்டிருக்கிறாய். அக்கா, ஜனவரி மாதத்தில் நீ மொட்டை எங்கே பார்த்தாய்? பார்த்தவள் ஏன் பறவைக் காலைக் காட்டி என்னை ஏய்க்கிறாய்?

மனசு கேட்காமல் படகுத்துறைக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "அவரா? அவர் படகு எடுத்து மூணு மாசம் ஆச்சே. வீட்டுல சொல்லலையா?" என்று கேட்டார். "சொன்னாங்க சொன்னாங்க" என்று வைத்துவிட்டேன்.

செடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் போகிறது. அத்தானுக்கு என்ன?

தம்பி


பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்தேன்.

உன் அக்டோபர் கடிதம் வந்த அந்த வாரம் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. படகைக் கட்டிக்கொண்டிருந்தவர், கயிறு கையிலிருந்து நழுவ, அப்படியே துறையில் உட்கார்ந்துவிட்டார். வலது பக்கம் முழுதும் போயிற்று. பேச்சு மெல்லத் திரும்பியது, இப்போது கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். கால் இழுத்து இழுத்து நடக்கிறார். வலது கைதான் மோசம், உணர்ச்சியே இல்லை. எறும்பு ஊர்ந்தாலும் தெரியாது. வெந்நீர்ப்பை பட்டுத் தோல் கொப்பளித்தது, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர்தான் சத்தியம் வாங்கினார். "அந்தக் கீரை டாக்டர் என்னைப் பாத்துப் பாவம்னு சொல்லிட்டா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனைக் கிண்டல் பண்றது?" என்றார். கடிதத்தின் ஓரத்தை நிரப்ப அவருக்குக் கையும் இல்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் காலை அசைக்கச் சொன்னார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா. அதற்கான குளம் இங்கிருந்து பாதி நாள் பயணம். எனக்கு ஏரியின் மூலை முடுக்கெல்லாம் தெரியும். மின்நிலையத்தின் பின்பக்கம் ஒரு சின்னக் குடா இருக்கிறது. இயந்திரங்களைக் குளிர்வித்த தண்ணீர் அதில்தான் வந்து விழுகிறது. ஏரியின் மற்ற ஓரமெல்லாம் பனித்தகடு படியும்போது அங்கே மட்டும் ஆவி பறக்கும். டிசம்பரில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினேன். இரண்டாவது வாரம் மடங்கிக் கிடந்த விரல்கள் தண்ணீருக்குள் தாமாக விரிந்தன. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

நிமிர்ந்து பார்த்தால் எதிரே உன் செடி. பச்சைப் பசேலென்று, குழந்தை மாதிரி, மொட்டோடு. நீ தேடிக்கொண்டிருக்கும் இடம் அதுதான் என்று எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. உனக்கு எழுதினால் நீ அறிக்கை எழுதுவாய், மின்நிலையத்தார் அந்த வெந்நீரை நிறுத்துவார்கள் என்றும் புரிந்தது. அதனால்தான் பறவைக் கால். ஆனால் பார்த்த மொட்டைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. சொல்லக்கூடாதென்று உட்கார்ந்தேன், கை தானாக எழுதிவிட்டது.

இனி உன் இஷ்டம்.

அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

இன்று காலை உன் கடிதம் வந்தது. நலம் விசாரிக்க எனக்கு வார்த்தை வரவில்லை.

நான் அறிக்கை எழுதப்போவதில்லை. உலகத்தில் எழுத எத்தனையோ ஏரி இருக்கிறது. "தங்கிய இடம் தெரியவில்லை" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறேன். அத்தானின் விரல் விரிவதைவிட எனக்கு எந்தக் கோடும் பெரிதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், திட்டாதே. இப்போது அந்தச் செடி ஏரி முழுவதிலும் அந்த ஒரே குடாவில்தான் இருக்கிறது. மே மாதம் அதைப் பிடிக்க ஊரே திரண்டாலும் முடியாது. இப்போது ஒரு ஐம்பது பேர் இரண்டு நாள் இறங்கினால் போதும். நாமே அள்ளிவிடலாம், யாருக்கும் காரணம் சொல்லாமல். வெந்நீர் அத்தானுக்கு இருக்கட்டும். லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

தம்பி


பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று இப்போது துணிந்து எழுதலாம், பொய்யில்லை.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். சத்தியத்தை மீறியதற்கு முதலில் எனக்குத் திட்டு விழுந்தது. பிறகு உனக்கு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"எழுத மாட்டானாமா? யாருக்காக?"

"உங்களுக்காகத்தான்."

"நான் கேட்டேனா? அவனா முடிவு பண்ணிடறதா?"

"அவன் பாசத்துல சொல்றான்."

"பாசத்தைக் கொண்டுபோய் அவன் தொட்டியில போடச் சொல்லு. இந்த வருஷம் அள்ளிடலாம். ஒரு இலை தப்பிச்சா? அடுத்த வருஷம் அவன் லீவு போட்டு வருவானா? அதுக்கு அடுத்த வருஷம்? அங்க சுடுதண்ணி வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் அது திரும்பத் திரும்ப வரும்டி. அந்தப் பொண்ணு கால்ல வேர் சுத்தினப்ப நீ எப்படி நடுங்கிக்கிட்டு வந்து நின்னே, நான் பாக்கலையா? என் கை ஒரு கை. அந்தத் தண்ணில எத்தனை பிள்ளைங்க இறங்குது?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அதுக்காக நாளைக்கே மூடச் சொல்லாதே. இந்தக் குளிர் போகட்டும்" என்றார். பிறகு பேனாவைக் கேட்டார், இடது கையில் பிடித்தார். கீழே இருப்பது அவர் எழுதியது. கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதற்கும் திட்டு விழுந்தது.

வழிமேல் விழிவைத்திருக்கும்,
அக்கா

கீரை டாக்டர். எழுது. இல்லாவிட்டால் நீ போலி டாக்டர்.


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நாள் குனிந்து செடி அள்ளியதில் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் மாணவர்களின் பெற்றோர்களுக்கும், படகுத்துறை ஆட்களுக்கும், மின்நிலையத்திலிருந்து அவர்களாகவே வந்து இறங்கிய தொழிலாளிகளுக்கும் என் நன்றியைச் சொல். அத்தான் குடாவில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, "ஏய், அந்த மூலை! கண்ணு எங்க இருக்கு?" என்று எல்லோரையும் விரட்டியதை நீ கரையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். என் மேலாளரிடம்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அறிக்கையை எழுதிக் கொடுத்தேன். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழு, மின்நிலையத்தாரைக் கூப்பிட்டுப் பேசியது. அவர்கள் தகராறு செய்யவில்லை. அடுத்த குளிர்காலத்துக்குள் வெந்நீரை வளாகத்துக்குள்ளேயே ஒரு குளத்தில் ஆறவைத்து, ஏரியின் குளிருக்கு வந்த பிறகு விடுவதாக ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். குலுக்கிய ஒவ்வொரு தடவையும் எனக்கு அத்தானின் கைதான் நினைவுக்கு வந்தது.

உன்னிடம் அன்று சொல்லாத ஒன்று இருக்கிறது. கிளம்புகிற அன்று வடக்குக் கரையில் நாணல் பக்கம் போனேன். வெந்நீர் எட்டிக்கூடப் பார்க்காத இடம். கறுத்துப்போன செடிகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தேன். எல்லாம் பழுப்பு. ஒன்று மட்டும், நாணலின் மறைவில் இருந்தது, உள்ளே வெளிர் பச்சை. உங்கள் ஏரியில் பனித்தகடு ஓரத்தோடு நின்றுவிட்டது, நடுவரை போகவில்லை, ஞாபகம் இருக்கிறதா? முன்பெல்லாம் அதன் மேல் நடந்து அக்கரைக்குப் போவார்கள் என்று அத்தான் சொல்வார். அந்த ஒரு கொடிய வாரம் இந்த வருஷம் வரவில்லை அக்கா. இப்படியே நாலைந்து குளிர்காலம் இளகினால் அந்தச் செடிக்கு யாருடைய வெந்நீரும் தேவைப்படாது. இத்தனை நாள் அது கதவுக்கு வெளியே கணப்புக் காய்ந்துகொண்டு காத்திருந்தது என்று தோன்றுகிறது.

சுவர் வரைபடத்தில் பழைய கோட்டை அழித்துவிட்டு, உங்கள் ஏரியைத் தாண்டி வடக்கே புதிதாக ஒன்று போட்டேன். பென்சிலால்தான் போட்டேன். ஒவ்வொரு வருஷமும் குளிர் முடிகிற சமயத்தில் வந்து உங்களோடு நாணலைக் கிளறுவதாக இருக்கிறேன். இடமும் சாப்பாடும் உன் பொறுப்பு.

தம்பி


நவம்பர் 28

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம், உன் இடுப்பு நலமா? நீ வந்து போன பிறகு நான் எழுதவே இல்லை என்று கோபித்திருப்பாய்.

முதலில் உனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். ஜூலையில் சேற்றிலிருந்து முளைத்த சின்னஞ்சிறு செடிகளைப் படகுத்துறை ஆட்கள் பார்த்தபோதெல்லாம் கிள்ளி எறிந்தார்கள். ஒரு தடவைகூட விசிறி சிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டேன். தவளை இந்த வருஷம் அக்கரைவரை நீந்திப்போய்த் திரும்பினாள். வடக்கு நாணலில் மட்டும் நான் இன்னும் கண் வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் முதல் தேதியோடு வெந்நீர் நின்றது. அன்று காலை அத்தான் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன். "நம்ம இடத்துக்குத்தான்" என்றார். "அங்க சுடுதண்ணி இல்லைங்க." "தெரியும்டி. வா."

சும்மா பார்த்துவிட்டுத் திரும்பப்போகிறார் என்று நினைத்தேன். குடாவில் ஆவி இல்லை, செடி இல்லை, மற்ற ஏரி மாதிரியே அதுவும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால், இடுப்பு. எனக்கே பல் கிட்டியது.

"குளிருதுடி!" என்றார்.

"நவம்பர்ல குளிராம என்ன பண்ணும்? வாங்க, போதும்."

"அதில்லடி. கை குளிருது."

"எந்தக் கை?"

அவர் வலது கையைத் தண்ணீரிலிருந்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். மறுபடி முக்கினார். மறுபடி தூக்கினார். பிறகு அந்தக் கையை என் கன்னத்தில் வைத்து, "உன் மூஞ்சி சுடுது" என்றார்.

பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் கேட்டேன். நரம்பு உள்ளுக்குள் திரும்பிக்கொண்டே வந்திருக்கும், அன்றைக்குத் தெரிந்திருக்கிறது, குளிருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

"ஏறுங்க, ஜன்னி கண்டுடும்" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றார்.

"இருடி," என்றார். "இன்னும் கொஞ்சம் குளிரட்டும்."

அன்போடு,
அக்கா